கொரோனா கால நிவாரணப் பணம்: ஓர் அமெரிக்க விவசாயக் கவுண்டியில் யாருக்கு என்ன கிடைத்தது?

2020-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுத்த பணம் சுமார் 4,500 கோடி டாலர். அந்த நாட்டில் அதுவரை எந்த ஆண்டிலும் இவ்வளவு கொடுத்ததில்லை. அந்த ஆண்டு விவசாயிகளின் நிகர வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அரசிடமிருந்தே வந்தது. இது எந்தக் கணக்கில் யார் கைக்குப் போனது என்பதை வாஷிங்டன் அறிவிப்புகளை மட்டும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு, அங்கே பயிரிடுவோரையும் பன்றி வளர்ப்போரையும் வைத்துக் கணக்குப் போட்டால் விளங்கும்.

எந்தக் கவுண்டி? ஏன் அது?

மினசோட்டா மாநிலத்தின் தென்மேற்கில், அயோவா எல்லையை ஒட்டியிருக்கும் நோபிள்ஸ் கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டத்தோடு ஒப்பிட்டால் மக்கள்தொகை மிகக் குறைவு; நோபிள்ஸில் 22,000 பேர்தான். தலைநகர் வர்திங்டன். சுற்றிலும் மக்காச்சோளம், சோயா. இடையிடையே நீளமான பன்றிக் கொட்டகைகள். ஊருக்குள் ஜே.பி.எஸ். நிறுவனத்தின் இறைச்சி ஆலை. 2,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் அந்த ஆலை, நாளொன்றுக்குச் சுமார் 20,000 பன்றிகளை அறுக்கக்கூடியது.

2020 ஏப்ரல் 20 அன்று கொரோனா பரவியதால் அந்த ஆலை மூடப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் சுமார் 100 கிலோமீட்டர் மேற்கே சூ ஃபால்ஸ் நகரில் ஸ்மித்ஃபீல்ட் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலையும் மூடியிருந்தது. பன்றிகளை விற்க இடமில்லை. வண்டிகள் ஓடாததால், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைச் சோளத்திலிருந்து தயாரிக்கும் ஆலைகள் சோளம் வாங்குவதைக் குறைத்தன. நிவாரணத்துக்கான காரணங்கள் எல்லாம் ஒரே கவுண்டியில் கண்ணுக்குத் தெரிந்தன என்பதால்தான் இந்தத் தேர்வு.

நிவாரணத் திட்டத்தின் பெயர் என்ன? எவ்வளவு பணம்?

முதன்மையானது கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம். விவசாயிகள் அதைச் சுருக்கமாக 'சிஃபாப்' என்றார்கள். 2020 ஏப்ரல் 17 அன்று அறிவிக்கப்பட்டது. முதல் சுற்றுக்கு 1,600 கோடி டாலர். அதில் 950 கோடி, மார்ச் இறுதியில் நிறைவேறிய கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்திலிருந்து வந்தது; மீதி 650 கோடி, விவசாயத் துறையின் கையில் எப்போதும் இருக்கும் சரக்குக் கடன் கழகத்தின் நிதி. கீழே பார்க்கப்போவதுபோல் ஒரே விண்ணப்பத்தில் இரண்டு விகிதங்கள் இருந்ததற்கு இதுதான் காரணம். விண்ணப்பங்கள் மே 26-இல் தொடங்கி, செப்டம்பர் 11 வரை பெறப்பட்டன.

இரண்டாம் சுற்று செப்டம்பர் 17-இல், 1,400 கோடி டாலர் வரை என்று அறிவிக்கப்பட்டது. அதிபர் டிரம்ப் அதை விஸ்கான்சினில் ஒரு தேர்தல் கூட்டத்தில் அறிவித்தார். தேர்தலுக்கு ஏழு வாரங்கள்கூட இல்லை. டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மேலும் சில தொகைகளைச் சேர்த்தது. பைடன் அரசு பதவியேற்றதும் அவற்றை நிறுத்திவைத்துப் பார்வையிட்டு, 2021 வசந்தத்தில் வழங்கியது. எல்லாம் சேர்த்து இந்த ஒரு திட்டத்தில் மட்டும் சுமார் 3,100 கோடி டாலர் போயிற்று.

விவசாயி எங்கே போய் விண்ணப்பித்தார்?

விவசாயத் துறையின் கீழ் 'பண்ணைச் சேவை முகமை' என்றொரு அமைப்பு இருக்கிறது. பயிர் விவரம் பதிவது, கடன், மானியம் எல்லாவற்றுக்கும் விவசாயிகள் செல்லும் இடம் அதன் கவுண்டி அலுவலகம்தான். அதன்மேல் கவுண்டிக் குழு ஒன்று உண்டு. உள்ளூர் விவசாயிகளே தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு. மூன்று பேருக்குக் குறையாது. விண்ணப்பத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் முடிவெடுக்கும் இடத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரே இருப்பார். இது நல்லதா கெட்டதா என்று அங்கே தலைமுறைகளாக வாதம் நடக்கிறது.

கொரோனா காலத்தில் அலுவலகக் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்தன. தொலைபேசியில் நேரம் கேட்டு, மின்னஞ்சலிலும் தபாலிலும் படிவம் அனுப்பினார்கள். வழக்கமாகப் பயிர் மானியம் வாங்குகிறவர்களின் விவரங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்ததால் அவர்களுக்கு வேலை எளிது. காய்கறி பயிரிட்டு உழவர் சந்தையில் விற்கிற சிறு விவசாயி அந்த அலுவலகத்துக்குள் அதற்குமுன் கால்வைத்தே இருக்கமாட்டார். அவர் வருமானச் சான்று, நிலப் பாதுகாப்பு உறுதிமொழி, வங்கி விவரம் என்று ஒவ்வொன்றாகச் சேகரித்துத் தொடங்க வேண்டியிருந்தது.

மக்காச்சோளத்துக்கு எப்படிக் கணக்கிட்டார்கள்?

முதல் சுற்றில் 2019 விளைச்சலில் பாதி, அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசாமல் கையிருப்பில் இருந்த அளவு: இரண்டில் எது குறைவோ அது தகுதியான அளவு. அதில் பாதிக்கு ஒரு புஷலுக்கு 32 சென்ட், மறுபாதிக்கு 35 சென்ட். சோள புஷல் என்பது சுமார் 25 கிலோ.

ஒரு கற்பனைக் கணக்கு: 600 ஏக்கர், ஏக்கருக்கு 180 புஷல், மொத்தம் 1,08,000 புஷல். ஜனவரியில் குதிரில் விற்காமல் 60,000 புஷல் இருந்தது என்று வையுங்கள். தகுதி 54,000 புஷல். தொகை 18,090 டாலர். முதலில் 80 சதவீதம் கொடுத்துவிட்டு, பணம் போதும் என்று உறுதியான பிறகு மிச்சம் 20 சதவீதத்தைக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அறுவடையிலேயே விற்றுவிட்டவர், அல்லது முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டவர், அந்தச் சோளத்துக்கு ஒரு சென்ட்கூட வாங்க முடியாது. விலை ஏறும் என்று நம்பிக் குதிரில் வைத்திருந்தவருக்குத்தான் பணம். விலை சரிந்தது அவருக்குத்தானே என்பது அரசின் வாதம், தர்க்கப்படி சரிதான். ஆனால் விவசாய ஆலோசகர்கள் பல ஆண்டுகளாக "கொஞ்சத்தை முன்னமே விற்று வையுங்கள்" என்று சொல்லிவந்ததைக் கேட்டு நடந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டாம் சுற்றில் இந்தச் சிக்கல் இல்லை. விதைத்த ஏக்கரைப் பார்த்தார்கள். ஏக்கருக்குக் குறைந்தது 15 டாலர். விளைச்சலை வைத்துப் போடும் கணக்கு அதைவிட அதிகம் வந்தால் அது. நம் கற்பனை விவசாயிக்கு ஏக்கருக்குச் சுமார் 42 டாலர் வரும், ஆக 25,000 டாலர். டிசம்பர் சட்டம் ஏக்கருக்கு 20 டாலர் கூடுதலாகச் சேர்த்தது: இன்னும் 12,000. சோளத்துக்கு மட்டும் மொத்தம் 55,000 டாலருக்குப் பக்கம்.

பன்றிக்கு?

முதல் சுற்றில் ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற பன்றிகளில் 120 பவுண்டுக்கு, அதாவது சுமார் 54 கிலோவுக்கு, மேற்பட்டதற்குத் தலைக்கு 18 டாலர். அதற்குக் குறைந்த குட்டிகளுக்கு 28 டாலர். பிறகு ஏப்ரல் 16 முதல் மே 14 வரை ஏதாவதொரு நாளில் கொட்டகையில் இருந்த அதிகபட்ச எண்ணிக்கைக்குத் தலைக்கு 17 டாலர். அந்த நாளை விவசாயியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றில் தலைக்கு 23 டாலர். இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை அதில் சேராது.

தேதிகளைக் கவனியுங்கள். 18 டாலர் காலம் ஏப்ரல் 15-இல் முடிகிறது. வர்திங்டன் ஆலை மூடியது ஏப்ரல் 20. விலை அடிமட்டத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். வாராவாரம் சந்தை விலைக்கு விற்கிற சிறு பண்ணைக்காரர்கள் இதில் கடுமையாக அடிபட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு தனித் திட்டத்தை அரசு 2021 டிசம்பரில்தான் திறந்தது. 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை அப்படி விற்ற பன்றிகளுக்குத் தலைக்கு 54 டாலர், 10,000 தலை வரை. நட்டம் வந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நிவாரணம்.

மாடு, பால், கோழி?

கறவை மாட்டுக்காரர்களுக்கு முதல் சுற்றில் நூறு பவுண்டு பாலுக்கு 6.20 டாலர், இரண்டாவதில் 1.20 டாலர். கறிமாடுகளுக்கு வயதையும் எடையையும் பொறுத்து வெவ்வேறு விகிதங்கள். கொழுக்கவைத்து அறுப்புக்கு விற்ற மாட்டுக்குத் தலைக்கு 214 டாலர் வரை. கறிக்கோழி இரண்டாம் சுற்றில்தான் சேர்ந்தது.

கொல்லப்பட்ட பன்றிகளுக்கு இழப்பீடு கிடைத்ததா?

கிடைத்தது, தாமதமாக. ஆலை மூடியதும் பன்றிகள் கொட்டகையில் வளர்ந்துகொண்டே இருந்தன. பின்னால் குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் ஆலையின் இயந்திரங்களுக்குப் பொருந்தாது. ஏப்ரல் இறுதியில் வர்திங்டன் ஆலை ஓரளவு திறந்தது. இறைச்சிக்காக அல்ல, பன்றிகளைக் கொல்வதற்கு. சடலங்களை மரச்சில்லுகளோடு சேர்த்து மட்கவைக்கும் இடத்தை மாநில அரசு நோபிள்ஸ் கவுண்டியிலேயே அமைத்தது. ஏப்ரல் 28-இல் டிரம்ப் இறைச்சி ஆலைகள் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மே முதல் வாரத்தில் வர்திங்டனில் உற்பத்தி மறுபடி தொடங்கியது.

இப்படிக் கொன்ற விலங்குகளுக்கான தனி இழப்பீட்டுத் திட்டம் 2021 ஜூலையில்தான் வந்தது. சந்தை மதிப்பில் 80 சதவீதம் என்பது அதன் அளவுகோல். இதற்கிடையில் ஏற்கெனவே பெற்ற வேறு உதவிகளைக் கழித்துக்கொண்டார்கள்.

கொட்டகை என்னுடையது, பன்றி நிறுவனத்துடையது என்றால்?

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். கொட்டகையும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையது. கிடைப்பது வளர்ப்புக் கூலி. அமெரிக்காவின் பன்றி வளர்ப்பில் பெரும்பகுதி இதே முறையில்தான் நடக்கிறது. கொட்டகை கட்ட வாங்கிய வங்கிக் கடன் மட்டும் விவசாயி பெயரில் இருக்கும்.

சிஃபாப்பின் விதி: விலங்கின் உரிமையாளருக்கே பணம், அதன் விலை விழுந்தால் நட்டப்படுகிறவருக்கே பணம். ஒப்பந்தத்தில் வளர்ப்பவர் இரண்டிலும் இல்லை. 2,400 பன்றிகள் கொள்ளும் கொட்டகையில் தினமும் நடந்து திரிகிறவருக்குப் பூச்சியம். பன்றிக்குச் சொந்தக்காரருக்குத் தலைக்கு 17, பிறகு 23.

விலை விழுந்த நட்டம் கொட்டகைக்காரருக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆலை மூடியதும் நிறுவனங்கள் குட்டிகளை இறக்குவதைத் தள்ளிப்போட்டன. காலிக் கொட்டகைக்கு வளர்ப்புக் கூலி ஏது? அவர் நட்டம் விலையில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. அதை அளக்கும் கோலே முதல் இரண்டு சுற்றுகளிலும் இல்லை. 2020 டிசம்பர் சட்டம்தான் ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்காக 100 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2020-இல் வருமானம் எவ்வளவு குறைந்ததோ, அதில் 80 சதவீதம் வரை. விதிகள் வெளியாகி விண்ணப்பம் முடிந்தபோது 2021 அக்டோபர்.

இந்த முழுத் திட்டத்தின் இயல்பே இதில் இருக்கிறது என்பது என் கருத்து. யாருக்குத் தேவை என்று பார்க்கவில்லை. யார் பெயரில் எத்தனை புஷல், எத்தனை தலை என்று பார்த்தது. எண்ணுவது எளிது, அதனால் பணம் விரைவாகப் போயிற்று. எண்ண முடியாத நட்டத்தோடு இருந்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

ஒருவருக்கு உச்சவரம்பு இருந்ததா?

ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளுக்கு 2,50,000 டாலர். கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ பதிவு செய்திருந்தால், பண்ணையில் தலா 400 மணி நேரம் உழைத்த அல்லது நிர்வகித்த மூன்று பங்குதாரர்கள் வரை கணக்கிட்டு 7,50,000 டாலர் வரை வாங்கலாம். 'நிர்வாகம்' என்ற சொல் தாராளமானது என்பதை அங்குள்ள கணக்காளர்கள் நன்கு அறிவார்கள். சராசரி ஆண்டு வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதியில்லை; ஆனால் அதில் முக்கால் பங்கு விவசாயத்திலிருந்தே வந்தால் தகுதி உண்டு.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு?

ரொக்கக் குத்தகையென்றால் பயிரிடுகிறவருக்கே முழுத் தொகை. விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வாரமுறையென்றால், பங்கு உள்ளவர்கள் அதே விகிதத்தில் பெறலாம். மறு ஆண்டு குத்தகை பேசும்போது இந்தப் பணம் நினைவில் இருக்காது என்று யாரும் நம்ப வேண்டாம்.

தொகை கவுண்டிக்குக் கவுண்டி மாறியதா?

சிஃபாப்பில் விகிதம் நாடு முழுவதும் ஒன்றே. பலர் இதை அதற்கு முந்தைய திட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். சீனாவுடனான வர்த்தகப் போரால் ஏற்பட்ட நட்டத்துக்காக 2018, 2019-இல் வேறொரு உதவி கொடுக்கப்பட்டது. அதில் 2019-இல் கவுண்டிக்கு ஒரு விகிதம்: ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் இன்னொன்று என்றால் ஒரே பயிருக்கு வெவ்வேறு தொகை. அந்தப் புகைச்சல் அடங்கும் முன்பே கொரோனா வந்துவிட்டது.

சம்பளப் பாதுகாப்புக் கடன் என்பதும் இதுதானா?

இல்லை. அது 'பி.பி.பி.' எனப்படும் சிறுதொழில் நிர்வாகத்தின் திட்டம். வங்கி மூலம் கடனாக வந்து, விதிப்படி செலவழித்தால் தள்ளுபடியாகும். தனியாளாக விவசாயம் செய்கிற பலருக்கு முதலில் இது பயன்படவில்லை. முந்தைய ஆண்டின் நிகர லாபத்தை வைத்துக் கணக்கிட்டதால், தேய்மானம் எல்லாம் கழித்து வரிக் கணக்கில் நட்டம் காட்டியவருக்கு எதுவும் வராது. 2020 டிசம்பர் சட்டம் மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று மாற்றியது. உச்சம் 20,833 டாலர். சிஃபாப்போடு சேர்த்து இதையும் வாங்கத் தடையில்லை.

நட்டத்தைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டார்களா?

சிலருக்கு ஆம். மே மாதத்தில் விண்ணப்பம் திறந்தபோது நிலைமை உண்மையிலேயே மோசமாக இருந்தது. ஒரு புஷல் சோளம் 3 டாலரைச் சுற்றியே கிடந்தது. ஆனால் இலையுதிர் காலத்திலிருந்து விலை ஏறத் தொடங்கியது. சீனா மறுபடி வாங்கியது. 2021 ஜனவரியில் 5 டாலர். மே மாதத்தில் 7 டாலர். ஏக்கருக்கு 20 டாலர் கூடுதல் தொகை அந்த வசந்தத்தில்தான் வங்கிக் கணக்குகளில் வந்து விழுந்தது, 5,60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு. பெரும்பாலோர் தனியாக விண்ணப்பிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சோளக்காரருக்கு நல்ல விலையும் நிவாரணமும் ஒன்றாக வந்தன. சோளத்தைத் தீவனமாக வாங்குகிற பன்றிக்காரருக்கு அதே விலையேற்றம் செலவாக வந்தது.

கறுப்பின விவசாயிகளின் கடன் தள்ளுபடி என்னவாயிற்று?

சிஃபாப் பணம் விளைச்சலுக்குத் தக்கபடி போனதால், பல பத்தாண்டுகளாக அரசுக் கடனிலும் நிலத்திலும் பாகுபாட்டைச் சந்தித்த விவசாயிகளுக்கு அதில் கிடைத்தது சொற்பம். இதைச் சரிசெய்ய 2021 மார்ச்சில் சுமார் 400 கோடி டாலர் கடன் தள்ளுபடி சட்டமாகியது. இன அடிப்படையில் உதவுவது அரசமைப்புக்கு எதிரானது என்று வெள்ளையின விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். ஜூன் மாதத்திலேயே விஸ்கான்சின், ஃபுளோரிடா நீதிமன்றங்கள் தடைவிதித்தன. 2022-இல் நாடாளுமன்றமே அந்தப் பிரிவை நீக்கி, பாகுபாட்டுக்கு ஆளான எவருக்கும் என்று வேறு நிதியை வைத்தது. அதிலிருந்து பணம் போய்ச் சேர்ந்தது 2024 ஜூலையில்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தப் பணத்தில் பங்கு உண்டா?

இல்லை. 2020 மே மாதத்தில் மினசோட்டாவிலேயே மக்கள்தொகை விகிதத்தில் மிக அதிகத் தொற்று நோபிள்ஸ் கவுண்டியில்தான். அதில் பெரும்பகுதி ஆலையோடு தொடர்புடையது. வேலை செய்தவர்களில் பலர் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். பன்றிக்குத் தலைக்கு இவ்வளவு என்று 2020-லேயே விகிதம் வந்துவிட்டது. இறைச்சி ஆலை, பண்ணை, மளிகைக் கடைத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 600 டாலர் என்ற விவசாயத் துறையின் மானியம், தொண்டு அமைப்புகள், சங்கங்கள் வழியாக 2022-க்குப் பிறகுதான் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

நிவாரணத்துக்கு வரி உண்டா?

உண்டு. சிஃபாப் பணம் விவசாய வருமானமாகவே கருதப்பட்டது. வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தள்ளுபடியான பி.பி.பி. கடனுக்கு மத்திய வரி இல்லை.

பொய்க் கணக்குக் கொடுத்தவர்களைப் பிடித்தார்களா?

விண்ணப்பத்தில் விவசாயி சொன்ன எண்ணிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். விற்பனைச் சீட்டு, கையிருப்புக் கணக்கு எதையும் முதலில் இணைக்க வேண்டியதில்லை. கேட்டால் காட்ட வேண்டும், மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிறகு சிலரைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்த்தார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022-இல் இதை ஆராய்ந்து, பல விண்ணப்பங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சரிபார்ப்பு முறையை வலுப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

யார் எவ்வளவு வாங்கினார் என்று பார்க்க முடியுமா?

முடியும். விவசாயத் துறையின் பட்டுவாடா விவரங்கள் பொதுத் தகவல். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு அவற்றை மாநிலம், கவுண்டி வாரியாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. நோபிள்ஸ் போன்ற இடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பட்டியலைப் பார்க்காதவர் குறைவு, பார்த்ததாக ஒப்புக்கொள்பவர் அதைவிடக் குறைவு. படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும் தொகை ஒரு குடும்பத்துடையதாகவும் இருக்கலாம், மூன்று குடும்பங்களுடையதாகவும் இருக்கலாம்.